பூஞ்சை எல்லோரிடமும் வருகிறது. நோய் ஏன் சிலருக்கு மட்டும்?

பரங்கிப்பேட்டையில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகும் ஈரம் லேசில் வடியாது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் வெள்ளாற்று முகத்துவாரம். சுவரில் கரும்புள்ளிகள், பரணில் கிடக்கும் தோல் செருப்பில் பச்சைப் படலம், சரியாகக் காயாத கருவாட்டில் வெள்ளைப் பூப்பு, நனைந்த வைக்கோல்போரிலிருந்து ஒரு புழுங்கல் வாடை. எங்கள் மாணவர்களுக்குப் பூஞ்சையை அறிமுகப்படுத்த நுண்ணோக்கி தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நோய்த்தடைக்காப்பியல் பாடத்தை நான் இந்தப் பொருள்களிலிருந்துதான் தொடங்குகிறேன். தொடங்கிய கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “இவ்வளவையும் மூச்சில் இழுக்கிறோமே டீச்சர், நமக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?”

இந்தக் கேள்விக்கு முழுமையாகப் பதில் சொன்னால் பாடத்தின் பாதி முடிந்துவிடும். இதற்கான பதில் பெருமளவில் கிடைத்தது, ‘ஒன்றும் ஆகாமல்’ இருக்க முடியாத மிகச் சில குழந்தைகளிடமிருந்து. பிறவியிலேயே நோய்த்தடைக்காப்பில் ஏதோ ஒரு கண்ணி விட்டுப்போன குழந்தைகள் அவர்கள். அவர்களைப் பற்றி நம் வகுப்புகளில் பெரும்பாலும் பேசுவதில்லை. நோய்த்தடைக் குறைபாடு என்றதும் எய்ட்ஸை விளக்கிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

முதலில் பூஞ்சை. ஈரச் சுவரிலும் சருகிலும் கடலைத்தோலிலும் நாம் காணும் பச்சை, கறுப்புத் தூளில் பெரும்பங்கு ஆஸ்பெர்ஜில்லஸ் இனத்தைச் சேர்ந்தது. 1729-இல் இத்தாலியத் தாவரவியலாளர் மிக்கேலி இதற்குப் பெயர் வைத்தார். அவர் ஒரு பாதிரியார். தேவாலயத்தில் புனித நீர் தெளிக்கும் குமிழ் முனைக் கருவி போல இதன் தலை தெரிந்ததால் அந்தக் கருவியின் பெயரையே பூஞ்சைக்கும் இட்டார். அந்தக் குமிழிலிருந்து உதிரும் ஸ்போர்களின் குறுக்களவு 2 முதல் 3 மைக்ரான். நுரையீரலின் காற்று நுண்ணறை வரை போகும் அளவுக்குச் சிறியவை. ஒவ்வொருவரும் நாளொன்றுக்குச் சில நூறு ஸ்போர்களையாவது சுவாசிக்கிறோம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆக, இந்தக் கட்டுரையைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் நுரையீரலுக்குள்ளும் சில போயிருக்கும்.

போனவற்றை நுரையீரலில் இருக்கும் மேக்ரோஃபேஜ்கள் விழுங்குகின்றன. தப்பி முளைத்தவற்றின் மீது நியூட்ரோஃபில்கள் பாய்கின்றன. நம் இரத்த வெள்ளையணுக்களில் 60 முதல் 65 சதவீதம் இவைதாம் என்று பாடநூலில் ஒரு வரி வரும். மாணவர்கள் ஒரு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்யும் வரி அது. ஏன் இத்தனை என்று நாம் கேட்பதில்லை. முளைத்து இழையாக நீண்டுவிட்ட பூஞ்சை ஒரு செல்லால் விழுங்க முடியாத நீளம். நியூட்ரோஃபில்கள் கூட்டமாகச் சூழ்ந்து வெளியிலிருந்தே அதை அழிக்க வேண்டும். அதற்கு எண்ணிக்கையும் வேண்டும், ஆயுதமும் வேண்டும்.

ஆயுதம் இல்லாத படை

எண்ணிக்கை சரியாக இருந்து ஆயுதம் மட்டும் இல்லாவிட்டால்? 1950-களில் அமெரிக்க மருத்துவர்கள் சில சிறுவர்களைக் கண்டு குழம்பினார்கள். நிணநீர் முடிச்சுகளில், கல்லீரலில், நுரையீரலில் மீண்டும் மீண்டும் சீழ்க்கட்டிகள். இரத்தத்தில் வெள்ளையணுக்கள் தாராளமாக இருந்தன. எதிர்ப்பொருள்களும் குறையவில்லை, சிலருக்கு மிகுதியாகவே இருந்தன. 1957-இல் இந்நோய் ‘குழந்தைப் பருவத்து உயிர்கொல்லி கிரானுலோமா நோய்’ என்ற பெயரோடு விவரிக்கப்பட்டது. இன்று அதன் பெயர் குரானிக் கிரானுலோமேட்டஸ் நோய், சுருக்கமாக சி.ஜி.டி. பெயரிலிருந்து ‘உயிர்கொல்லி’ என்ற சொல் நீங்கியதற்குப் பின்னால் அரை நூற்றாண்டு மருத்துவம் இருக்கிறது.

குறை எங்கே என்றால், நியூட்ரோஃபிலின் சவ்வில் அமையும் ஒரு நொதியில். ஆக்சிஜனேற்ற நொதியான அது, கிருமியை விழுங்கியவுடன் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து சூப்பராக்சைடாக மாற்றுகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. இந்த நொதி ஐந்து புரதத் துண்டுகள் ஒன்றுகூடி வேலை செய்வது. ஒன்று பழுதானாலும் செயல் நின்றுவிடும். அப்போது நியூட்ரோஃபில் ஓடி வருகிறது, விழுங்குகிறது, ஆனால் கொல்ல முடிவதில்லை. உள்ளே கிருமி உயிரோடு இருக்கிறது. உடல் மேலும் மேலும் செல்களை அனுப்பி அந்த இடத்தைச் சுற்றி மதில் கட்டுகிறது. அந்த மதில்தான் கிரானுலோமா.

வகுப்பில் இதற்கு ஒரு செய்முறை உண்டு. மருந்துக்கடையில் புண் கழுவ விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, நறுக்கிய பச்சை உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றைப் போடுங்கள். நுரை பொங்கும். கிழங்கிலுள்ள கேட்டலேஸ் நொதி பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. வேகவைத்த துண்டில் நுரை வராது. சி.ஜி.டி. உள்ளவர்களைத் தாக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை கேட்டலேஸ் உடையவை. கேட்டலேஸ் இல்லாத கிருமி தானே பெராக்சைடை வெளியிட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், கேட்டலேஸ் உள்ளது தப்பிவிடும் என்ற விளக்கம் பல புத்தகங்களில் இருக்கிறது. கேட்க அழகான விளக்கம். ஆனால் முழு உண்மை அன்று. 1998-இல் ஆய்வாளர்கள் ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் பூஞ்சையிலிருந்து கேட்டலேஸை நீக்கிவிட்டு, சி.ஜி.டி. உள்ள எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். பூஞ்சையின் வீரியம் குறையவில்லை. செய்முறையைச் செய்து காட்டுங்கள். கூடவே இந்த முடிவையும் சொல்லுங்கள். அழகான விளக்கத்தையும் சோதித்துத்தான் ஏற்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கைக்கடக்கமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

நிடுலன்ஸ் பற்றித் தாவரவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 1950-களின் தொடக்கத்தில் பான்டிகார்வோவும் ரோப்பரும் பாரா செக்சுவல் சுழற்சியைக் கண்டறிந்தது இந்தப் பூஞ்சையில்தான். மரபியல் ஆய்வகங்களில் பல தலைமுறை மாணவர்கள் தட்டுத்தட்டாக வளர்த்த சாதுவான உயிரி. மற்ற மனிதர்களில் இது நோய் உண்டாக்குவது மிக அரிது. சி.ஜி.டி. உள்ளவர்களிடம் மட்டும், ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸுக்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படும் பூஞ்சை இதுவே. நுரையீரலிலிருந்து விலா எலும்பு வரை ஊடுருவும். சாதுவான உயிரி, ஆபத்தான உயிரி என்று நாம் பிரித்துப் பட்டியலிடுகிறோமே, அந்தப் பட்டியலில் பாதி உண்மையில் நம் நியூட்ரோஃபில்களின் சாமர்த்தியம்.

இது வெளிநாட்டு நோய் என்று எண்ண வேண்டாம். 2021-இல் நம் நாட்டின் பல மருத்துவ மையங்கள் சேர்ந்து 236 சி.ஜி.டி. நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டன. சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனம் இதில் முன்னின்றது. அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ 2 லட்சம் பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு இந்நோய் இருக்கிறது. நம் மக்கள் தொகையை நினைத்தால் 236 என்பது கண்டுபிடிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கைதான் என்பது புரியும். மற்றவர்கள்?

எந்தக் கண்ணி விட்டால் எந்தப் பூஞ்சை

பிறவி நோய்த்தடைக் குறைபாடுகள் என்று இன்று வகைப்படுத்தப்பட்டவை 450-ஐத் தாண்டிவிட்டன. எல்லாவற்றிலும் பூஞ்சை வருவதில்லை என்பதுதான் பாடம். 1952-இல் புருட்டன் விவரித்த நோயில் எதிர்ப்பொருள்கள் ஏறக்குறைய இல்லை. அந்தச் சிறுவர்களுக்கு பாக்டீரிய நிமோனியா திரும்பத் திரும்ப வந்தது. பூஞ்சை பெரிய தொல்லையாக இல்லை. அப்படியானால் பூஞ்சையைத் தடுத்து நிறுத்துவது முதன்மையாக எதிர்ப்பொருள் அன்று என்று இயற்கையே சோதனை செய்து காட்டிவிட்டது.

எச்.ஐ.வி. தொற்று முற்றியவர்களுக்கு நாக்கிலும் தொண்டையிலும் கேண்டிடா பூஞ்சை வெள்ளையாகப் படிவது மிகச் சாதாரணம். ஆனால் அதே கேண்டிடா இரத்தத்தில் கலந்து உள்ளுறுப்புகளுக்குப் பரவுவது அவர்களிடம் குறைவு. ஏன்? வாய், தோல், நகம் ஆகிய மேற்பரப்புகளைக் காப்பது டி செல்கள். குறிப்பாக இன்டர்லூகின் 17 என்ற செய்தியை அனுப்பும் டி செல்கள். ஆழத்தைக் காப்பது நியூட்ரோஃபில்கள். இன்டர்லூகின் 17 பாதையில் பிறவிப் பிழை இருந்தால் வாயிலும் நகத்திலும் கேண்டிடா தீராமல் இருக்கும் என்பது 2011-இல் மரபணு அளவில் உறுதியானது. ஒரே பூஞ்சை, இரண்டு வாசல்கள், இரண்டு காவலர்கள். கரும்பலகையில் ஒரு வீட்டின் படம் வரைந்து வாசலுக்கு ஒருவர், முற்றத்துக்கு ஒருவர் என்று போட்டால் பத்தாம் வகுப்புக்கே இது புரிகிறது.

கார்டு 9 என்ற புரதத்தில் குறை இருந்தால் நடப்பது நமக்கு இன்னும் அருகில் வருகிறது. படர்தாமரை நம் பள்ளிகளில் யாருக்குத் தெரியாது? தோலின் இறந்த மேலடுக்கைத் தின்று வாழும் பூஞ்சை அது. அதற்குக் கீழே போகாது. 2013-இல் அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா நாடுகளின் 8 குடும்பங்களைச் சேர்ந்த 17 பேரைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களுக்குப் படர்தாமரைப் பூஞ்சை தோலைத் துளைத்து நிணநீர் முடிச்சு வரை இறங்கியிருந்தது. சிலரது உயிரையே பறித்தது. அனைவரிடமும் கார்டு 9 குறை இருந்தது. பூஞ்சையின் செல்சுவரை உணரும் ஏற்பியிலிருந்து செல்லின் உட்புறத்துக்குச் செய்தி கடத்தும் புரதம் அது. செய்தி போகவில்லை, காவல் வரவில்லை.

இதைப் படித்துவிட்டுப் படர்தாமரை உள்ள பிள்ளையை எல்லாம் சந்தேகிக்கத் தொடங்கக் கூடாது. இன்று நம் நாட்டில் படர்தாமரை மருந்துக்கு அடங்காமல் பரவுவதற்குக் காரணங்கள் வேறு. ஸ்டீராய்டு கலந்த களிம்பைச் சீட்டில்லாமல் கடையில் வாங்கித் தடவுவது அவற்றில் முக்கியமானது. தடவியதும் அரிப்பு அடங்கும், பூஞ்சை அடியில் படரும். இதைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒரு நிமிடம் சொன்னாலே பல வீடுகளுக்குப் பயன்.

அதேபோல, 2021-இல் எல்லோரும் அஞ்சிய கருப்புப் பூஞ்சை பெற்ற குறைபாட்டின் கதை. சர்க்கரை நோயும் கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டும் சேர்ந்து வழி திறந்தன. அந்த மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. சி.ஜி.டி. உள்ளவர்களுக்கு, ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் சேராதவரை, அந்தப் பூஞ்சை வருவது அரிது. ‘நோய் எதிர்ப்பு சக்தி குறைவு’ என்று ஒரே சொல்லில் நாம் எல்லாவற்றையும் அடக்கிவிடுவது எவ்வளவு தவறானது என்று காட்ட இந்த ஒப்பீடு போதும். சக்தி என்பது பானையில் இருக்கும் தண்ணீர் போல ஒரே பொருள் அன்று, கூடவும் குறையவும்.

சருகுக் குவியல்

ஆசிரியர்கள் இந்த இதழில் வேறு எதைத் தாண்டிப் போனாலும் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டுகிறேன்.

2007-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சி.ஜி.டி. உள்ள 9 பேரைப் பற்றி எழுதினார்கள். அனைவரும் மட்கிய இலைதழைகளைக் கையாண்டவர்கள்: தோட்டத்தில் மூடாக்குப் பரப்பியது, சருகு வாரியது போன்ற வேலைகள். ஒன்று முதல் பத்து நாள்களுக்குள் காய்ச்சல், மூச்சுத் திணறல், இரு நுரையீரலிலும் பரவலான நிமோனியா. ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான ஸ்போர்கள் உள்ளே போனதன் விளைவு. அவர்களில் சிலருக்குத் தங்களுக்கு இப்படி ஒரு பிறவிக் குறை இருப்பதே அதுவரை தெரியாது. அன்றுவரை ஓரளவு நன்றாக நடமாடியவர்கள். சாதாரண நிமோனியா என்று நுண்ணுயிர்க்கொல்லி மட்டும் கொடுத்தால் பலன் இருக்காது. பூஞ்சை மருந்தும் ஸ்டீராய்டும் சேர்த்து உடனே தர வேண்டும். அதற்கு மருத்துவருக்குத் தெரிய வேண்டிய ஒரே செய்தி: ‘இந்தப் பையன் போன வாரம் உரக்குழியைக் கிளறினான்.’ அந்தச் செய்தி பெரும்பாலும் நம்மிடம்தான் இருக்கும்.

நம் பள்ளிகளில் தேசியப் பசுமைப் படையும் சுற்றுச்சூழல் மன்றமும் உரக்குழியும் இருக்கின்றன. எங்கள் பகுதியில் சவுக்குச் சருகு, வேப்பஞ்சருகு, தேங்காய் மட்டை, உள்நோக்கிப் போனால் கடலைத்தோலும் வைக்கோலும். மழைக்குப் பின் வெயில் அடித்ததும் குவியலைக் கிளறினால் புகைபோல ஒரு தூள் எழும். அந்தப் புகையில் பெரும்பகுதி ஸ்போர்.

உரக்குழியை மூடிவிடச் சொல்லவில்லை. அது நல்ல வேலை, நல்ல பாடமும்கூட. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் உதிரும் இலைகளை மட்கவைத்து நண்டுக்கும் இறாலுக்கும் உணவாக்குவதில் பூஞ்சைகளுக்குப் பங்கு உண்டு என்று கற்பித்துவிட்டு, பூஞ்சையை எதிரியாக்குவது சரியல்ல. எங்கள் பள்ளியில் நாங்கள் கடைப்பிடிப்பது இதுதான்: காய்ந்த குவியலைக் கிளறுவதில்லை, தண்ணீர் தெளித்த பிறகே மண்வெட்டி; கிளறும் வேலை பெரியவர்களுக்கு, பிள்ளைகளுக்குப் பச்சைக் கழிவு சேர்ப்பது, ஈரம் பார்ப்பது, வெப்பநிலை குறிப்பது. காற்று வீசும் பக்கம் யாரும் நிற்பதில்லை. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கும் இதனால் நன்மை. அவர்கள் எண்ணிக்கையில் மிக அதிகம்.

ரொட்டிப் பூஞ்சை செய்முறைக்கும் இதே கவனம். நனைத்த ரொட்டித் துண்டைக் கண்ணாடிப் புட்டியில் வைத்து மூடியைச் சுற்றி நாடா ஒட்டுங்கள். வெளியிலிருந்தே கைலென்ஸில் பார்க்கலாம். மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கும் பழக்கம் மாணவர்களுக்கு உண்டு. முடிந்ததும் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி அப்புறப்படுத்துங்கள்.

இன்னொன்று, பூஞ்சை அல்லாததானாலும் ஆற்றோரத்துப் பள்ளிகளுக்கு உரியது. வெப்ப நாடுகளின் மண்ணிலும் தேங்கிய நீரிலும் குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்ற ஊதா நிற பாக்டீரியா உண்டு. பொதுவாக யாரையும் ஒன்றும் செய்யாது. சி.ஜி.டி. உள்ளவர்களுக்கு இரத்தத்தில் பரவிவிடும். இந்நோய் உறுதியான குழந்தைகளைக் குட்டையிலும் கழிமுகத்திலும் குளிக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

தாயின் இரத்தத்தில் இரண்டு நிறம்

மரபியல் ஆசிரியருக்கு சி.ஜி.டி. ஒரு புதையல். ஐந்து புரதத் துண்டுகளில் ஒன்றுக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மற்ற நான்கும் உடல் குரோமோசோம்களில். ஆக ஒரே நோய்க்கு இரண்டு மரபு வழிகள். எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஜீனை 1986-இல் கண்டுபிடித்தார்கள். புரதம் என்னவென்று தெரியாமலே, குரோமோசோமில் அது இருக்கும் இடத்தை வைத்து ஜீனைப் பிடிக்கும் முறையில் முதன்முதலாகச் சிக்கிய மனித நோய் ஜீன் இதுவே.

நோயைக் கண்டறியும் பழைய சோதனை எளிமையானது. நைட்ரோபுளூ டெட்ரசோலியம் என்ற மஞ்சள் சாயத்தோடு வெள்ளையணுக்களைச் சேர்த்துத் தூண்டுவார்கள். நொதி வேலை செய்தால் சாயம் கருநீலமாகும். சி.ஜி.டி. உள்ளவரின் செல்கள் மஞ்சளாகவே நிற்கும். 1968 முதல் இது பயன்பாட்டில் உள்ளது; இப்போது ஒளிரும் சாயத்தைக் கொண்டு ஃப்ளோ சைட்டோமெட்டரில் பார்க்கிறார்கள். சுவையான பகுதி தாயின் இரத்தம். எக்ஸ் வழி நோயில் கடத்தியான தாயின் செல்கள் சிலது நீலமாகும், சிலது ஆகாது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அணைந்துவிடுகிறது என்று மேரி லயன் 1961-இல் முன்வைத்த கருத்தை ஒரு சொட்டு இரத்தத்தில் கண்ணால் காணலாம். கறுப்பும் மஞ்சளும் கலந்த பூனையைப் படத்தில் காட்டி லயன் கருத்தை விளக்குகிறோம். இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

உடல் குரோமோசோம் வழியைப் பேசும்போது சொந்தத்தில் திருமணம் என்ற பேச்சு வராமல் இருக்காது. தமிழ்நாட்டில் எல்லாச் சமயத்தாரிடமும் இது உண்டு. வகுப்பில் பாதிப்பேர் அப்படிப்பட்ட பெற்றோரின் பிள்ளைகளாக இருக்கலாம். ஆகவே பழித்துப் பேசாமல் கணக்காகப் போடுவதே என் வழி. பாட்டி ஒருத்தி ஓர் ஒடுங்கு ஜீனின் கடத்தி என்று கொள்வோம். அவளுடைய மகனுக்கு அது வந்திருக்கும் வாய்ப்பு 1/2. அவளுடைய மகளுக்கு 1/2, அந்த மகளின் மகளுக்கு 1/4. இப்போது அந்த மகன் தன் அக்காள் மகளை மணந்தால், பிறக்கும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 1/2 பெருக்கல் 1/4 பெருக்கல் 1/4. அதாவது 32-இல் ஒன்று. அதே மகன் அயலில் மணந்தால்? அயலாரில் 200 பேருக்கு ஒருவர் கடத்தி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 1/2 பெருக்கல் 1/200 பெருக்கல் 1/4, 1600-இல் ஒன்று. ஐம்பது மடங்கு வேறுபாடு. அதே சமயம் 32-இல் 31 குழந்தைகளுக்கு இந்த நோய் இல்லை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் முதல் பாதியால் ஒரு பிள்ளை வீட்டில் அம்மாவைக் குற்றவாளியாகப் பார்க்கும். இரண்டாம் பாதியால் மட்டும் ‘எங்க தாத்தா பாட்டிக்கு ஒண்ணும் ஆகலையே’ என்று சிரித்துவிட்டுப் போகும்.

பதிவேட்டில் தெரிவது

நாம் மருத்துவர்கள் அல்லர். ஆனால் ஓர் ஆண்டு முழுக்க ஒரு பிள்ளையைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் பெற்றோருக்கு அடுத்து நாம்தான். மருத்துவர் பத்து நிமிடம் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவராகவும் இருக்கலாம். ஓராண்டில் இரண்டு முறை நிமோனியா, திரும்பத் திரும்ப அறுவை செய்ய வேண்டிய ஆழமான சீழ்க்கட்டிகள், கைக்குழந்தைப் பருவம் தாண்டியும் வாயில் தீராத வெண்படலம், இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டும் அடங்காத தொற்று, வயதுக்கேற்ற வளர்ச்சியின்மை, குடும்பத்தில் ஆண் குழந்தைகள் சிறுவயதில் இறந்த செய்தி. இவற்றில் இரண்டு ஒன்றுசேர்ந்தால் கேள்வி எழ வேண்டும். வருகைப் பதிவேட்டையும் விடுப்புக் கடிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சில சமயம் இது தெரியும்.

நம் நாட்டில் இதற்குத் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நிணநீர் முடிச்சு வீக்கம், நுரையீரலில் நிழல், திசுவைச் சோதித்தால் கிரானுலோமா. இதைப் பார்த்தவுடன் காசநோய் என்று எண்ணுவது இயல்பு. பெரும்பாலும் அதுதான் சரியாகவும் இருக்கும். ஆனால் காசநோய் மருந்து முழுமையாகச் சாப்பிட்டும் தேறாத, மீண்டும் மீண்டும் காசநோய் என்று சொல்லப்படும் சில குழந்தைகளிடம் பின்னர் சி.ஜி.டி. கண்டறியப்பட்டிருக்கிறது. பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியின் பக்கத்து அக்குளில் நெறி கட்டிச் சீழ் வைத்தது என்று தாய் சொல்வதும் ஒரு தடயம். இதைத் தடுப்பூசிக்கு எதிரான செய்தியாக யாரும் திருப்பிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒரு முறை அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது. உயரம், எடை, பல், கண் என்று வரிசை வேகமாக நகரும். அந்த வரிசையில் நிற்கும் ஒரு பிள்ளையைப் பற்றி வகுப்பாசிரியர் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் அது மாவட்ட இடையீட்டு மையம் வரை போகும். அங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்கு. எங்கள் பகுதிக்கு அண்ணாமலைநகரும் புதுச்சேரி ஜிப்மரும் அருகில் இருக்கின்றன. குழு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

கண்டறிந்தால் செய்வதற்கு இருக்கிறதா என்றால், நிறைய இருக்கிறது. தினமும் ஒரு பாக்டீரிய மருந்து, ஒரு பூஞ்சை மருந்து. இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்தை 39 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட காலத்தில் 7 பேருக்குக் கடும் பூஞ்சைத் தொற்று வந்தது. மருந்து சாப்பிட்ட காலத்தில் ஒருவருக்கு மட்டும், அவரும் ஒழுங்காகச் சாப்பிடாதவர். பொருத்தமான கொடையாளர் கிடைத்தால் எலும்புமஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நோயையே நீக்கக்கூடியது. உடன்பிறந்தவர் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 2021-ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்கள் கொள்கையில் சி.ஜி.டி. முதல் பிரிவிலேயே இடம்பெற்றிருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட உயர் சிறப்பு மையங்களில் சிகிச்சை பெற நிதி உதவி உண்டு. 2022-இல் அதன் உச்சவரம்பு 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இந்தத் தகவல் ஒரு மீனவக் குடும்பத்துக்குத் தானாகப் போய்ச் சேராது.

அப்படி ஒரு பிள்ளை நம் வகுப்பில் இருந்தால், அது மற்றவர்களுக்குத் தொற்றும் நோய் அன்று என்பதை முதலில் சக ஆசிரியர்களுக்குச் சொல்லுங்கள். தனி இருக்கை வேண்டாம். விளையாடலாம், ஓடலாம், சுற்றுலா வரலாம். உரக்குழி, வைக்கோல், பழைய கட்டட இடிபாட்டுத் தூசி, கோழிக்கூண்டு சுத்தம் செய்தல் ஆகியவை மட்டும் விலக்கு. காய்ச்சல் வந்தால் மாலை மணி அடிக்கும்வரை வைத்திருக்காமல் வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள். பள்ளி வளாகத்தில் கட்டட வேலை நடந்தால் முன்கூட்டியே பெற்றோரிடம் தெரிவியுங்கள்.

வகுப்பில் கொடுக்க மூன்று வினாக்கள். ஒன்று: ஒரு சிறுவனின் வெள்ளையணு எண்ணிக்கை இயல்பாக இருக்கிறது, எதிர்ப்பொருளும் இயல்பு, ஆனாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் நிமோனியா வந்திருக்கிறது. அடுத்து எதைச் சோதிக்கச் சொல்வாய், ஏன்? இரண்டு: மேலே சொன்ன பாட்டியின் மகன் வயிற்றுப் பேத்தியும் மகள் வயிற்றுப் பேரனும் மணந்தால் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு என்ன? (விடை: 1/64.) மூன்று: நோயுற்ற மகனின் தாயுடைய இரத்தத்தை நீலச் சாயச் சோதனை செய்தபோது எல்லாச் செல்களும் நீலமாயின. இது எந்த மரபு வழியைக் காட்டுகிறது? உடல் குரோமோசோம் வழி என்று உடனே விடை வரும். ‘அல்லது அந்தப் பிழை அந்தப் பையனிடமே புதிதாகத் தோன்றியிருக்கலாம்’ என்று சேர்த்துச் சொல்லும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.